பாட்டு நிற்கிற இடம்

அந்தப் பாட்டைச் சந்தோஷப் பாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். போன வருஷம் டவுனிலிருந்து ஒருவர் ஒலிப்பதிவு மெஷினைத் தூக்கிக்கொண்டு கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின எங்கள் லைன் வீடுகளுக்கு வந்தார். காப்பித் தோட்டத்துப் பாட்டுகளையெல்லாம் சேர்க்கிறாராம். இப்போது பழம் பறிக்கப் போகிற பெண்கள் நாலு பேர் வரிசையாக நின்று பாடிக் காட்டினார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "உழைக்கிற ஜனங்களோட சந்தோஷம் அப்படியே இருக்குதுங்கம்மா. முடியறதுக்கு முன்னாடி ஒரு இடத்துல சட்டுன்னு நிறுத்தி, மூச்சு விட்டு எடுக்கறாங்களே, என்ன அழகு! அதை யாருங்க போட்டது?" என்றார்.

நான்தான் என்று சொல்லவில்லை. "காப்பி ஆறுது சாமி, குடிங்க" என்றேன். அவர் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, மெஷினை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அழகாம்! எழுத்து எனக்கு நாற்பது வயதைத் தாண்டித்தான் வந்தது. கோணல்மாணலாக வந்த அந்த எழுத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். எங்கள் எஸ்டேட் மலையின் குப்பனூர்ப் பக்கத்துச் சரிவில் இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் லைன் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். அவருக்குப் பழம் உரிக்கிற கொட்டகையில் வேலை, எனக்குப் பறிப்பு. அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் மலை குளுகுளுவென்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவள்தான் நான். இரண்டு பறிப்புக் காலம் போன பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட இடம் என்று புரிந்தது.

எஸ்டேட்டை விட்டுக் கீழே இறங்க வேண்டுமானால் ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் கேட்டில் காவல்காரன் விடமாட்டான். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே நேரத்தில் சீட்டுக் கிடையவே கிடையாது. அவர் இறங்கினால் நான் மேலே இருக்க வேண்டும், நான் இறங்கினால் அவர் மேலே. இறங்கினவர் திரும்பி வருவதற்கு மேலே இருப்பவர்தான் பிணை. பறிப்புக் காலத்தில் அந்தச் சீட்டும் யாருக்கும் கிடையாது.

பறிக்கும்போது பாட வேண்டும், அது சட்டம். காப்பிச் செடி அந்தக் காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அதற்கு மேல் நிழல் மரம், அதற்கும் மேல் மூடுபனி. மேட்டில் ஒரு பாறைமேல் நிற்கும் மேஸ்திரிக்கு எங்கள் தலைகூடத் தெரியாது. அதனால் அவர் காதால்தான் வேலை வாங்கினார். செடி வரிசையை நிரை என்போம். ஒவ்வொரு நிரையிலும் ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். காட்டெருமை வராமலிருக்கப் பாடச் சொல்கிறோம் என்று ரைட்டர் சொல்வார். காட்டெருமையாவது ஒன்றாவது! வாய் பாடிக்கொண்டிருந்தால் பழத்தைத் தின்னாது, உட்காராது, ஓடிப்போகாது. அவ்வளவுதான் விஷயம். பாட்டு ஒரு நொடி நின்றால் பாறையிலிருந்து, "ஏய்! அங்க என்ன சத்தத்தையே காணோம்?" என்று வந்துவிடும்.

எங்கள் நிரையில் எடுத்துக் கொடுக்கிறவள் நான். எனக்கு அப்போது நல்ல தொண்டை. நல்ல தொண்டை இருந்ததுதான் என் கெட்ட காலம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

குப்பனூரில்தான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தது. எங்களுக்கு அம்மா இல்லை. இவளைப் பெற்ற அன்றைக்கே அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது ஆறு வயது இருக்கலாம். "வெளிய போயி விளையாடு கண்ணு" என்று என்னைத் துரத்திக் கதவைச் சாத்தினார்கள். நானும் போய் விளையாடினேன். திரும்பி வந்தபோது அம்மா இல்லை, இவள் இருந்தாள். அதனால் தங்கை தலைப்பிள்ளையைச் சுமந்தபோது அவளுக்கு இருந்த பயம் மற்ற பெண்களுக்கு இருக்கிற பயம் இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். "எனக்குத் தாயூடு நீதானக்கா. நீ என்ற கையப் புடிச்சுக்கோ, இல்லீனா நான் பெத்துக்க மாட்டேன்" என்று அழுதாள். அவளை மேலே கூட்டிவர வழியில்லை, எஸ்டேட் ஆள் அல்லாதவரை லைனில் தங்க விடமாட்டார்கள். "நான் வந்துர்றேன் கண்ணு, நீ பயப்படாத" என்று சத்தியம் செய்துவிட்டு மலை ஏறினேன். அந்தச் சத்தியம்தான் பறிப்பு ஆரம்பித்த நாளிலிருந்து என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

எங்கள் நிரை முடிகிற இடத்தில் சரிவு திறந்திருக்கும். பனி விலகினால் குப்பனூரின் ஓட்டு வீடுகள் தெரியும், கை நீட்டினால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் போல. ஒரு நாள் காலையில் பாட்டெல்லாம் தீர்ந்துபோயிற்று. தெரிந்ததையெல்லாம் இரண்டு தடவை பாடியாகிவிட்டது. பாறையிலிருந்து மேஸ்திரி கத்துகிறார். கண்ணில் பட்டதை அப்படியே மெட்டில் போட்டேன்:

குப்பனூரு தெரியுதடி,
கூப்பிட்டாக் கேக்கலடி.

அவ்வளவுதான் பாட்டு. அடுத்த அடி வரவில்லை. அந்த இரண்டையே மத்தியானம்வரை பாடினோம். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த தலைச்சோலைக்காரி, "ஏனக்கா, மேல போற மாதிரி இல்லீங்களா? செக்குமாடு கணக்கா சுத்துறோம்" என்று சிரித்தாள். தலைச்சோலை மலைமேல் இருக்கிற ஊர், அவள் மலைக்காரி. வீட்டில் சாமை, ஆரஞ்சு, கொஞ்சம் காப்பி என்று சொந்த வெள்ளாமை. பறிப்புக் காலத்துக்கு மட்டும் கூலிக்கு வருவாள், சாயங்காலமானால் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். என் வயதுதான். அவள் கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்கு நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

மறுநாள் இன்னோர் அடி வந்தது. அதற்காக நான் யோசிக்கவில்லை. இரவெல்லாம் விரலை மடக்கி மாசம் எண்ணியிருந்தேன், அது வாயில் வந்துவிட்டது.

மாசம் எட்டு ஆச்சுதடி,
மனசு இங்க நிக்கலடி.

இதைப் பாடியபோது "நிக்கலடி"யின் கடைசியில் குரல் தானாக மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிற்று. நான் செய்ததில்லை, வந்தது. நிரையில் எல்லாக் கையும் ஒரு கணம் நின்றுவிட்டது. அந்தச் சுழிப்பு வேறு யாருக்கும் வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு மாசம் சுமக்கிற தங்கையைக் கீழே விட்டுவிட்டு மேலே நின்று என் குரலை நானே மெச்சிக்கொண்டேன், பாருங்கள் என் புத்தியை.

மூன்றாவது அடி விளையாட்டாக வந்தது. மேஸ்திரிக்கு முறுக்கிவிட்ட பெரிய மீசை. எண்ணெய் தடவி, சீவி, பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்த்தார்.

மேஸ்திரி மீசைய
ஆடு வந்து மேயாதோ.

சிரித்துச் சிரித்துப் பழத்தைக் கீழே கொட்டினோம். சிரிப்புச் சத்தம் கேட்டு மனுஷன் இறங்கி வந்துவிட்டார். செடிக்கு அந்தப் பக்கம் தலைப்பாகை தெரிகிறது, அடி பாதியில் இருக்கிறது, நிறுத்தவும் முடியாது. நான் சட்டென்று வேறாகப் போட்டேன்:

மேஸ்திரி மீசைக்கு
ஊரு கண்ணு படாதோ.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மீசையை ஒரு தடவு தடவிக்கொண்டு, "யாரு கட்டுனது? நீயா? நொம்ப நல்லா இருக்குது. தெனமும் இதையே பாடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தப் பாட்டு எங்கள் பாட்டாக இல்லை, மேஸ்திரி கேட்கிற பாட்டாகிவிட்டது. ஆடு போய்விட்டது, மீசை நின்றுவிட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் ஆரம்பித்தது.

மாசம் ஒன்பது நடக்கும்போது ரைட்டரிடம் சீட்டுக் கேட்கப் போனேன். ஆபீஸ் வாசலில் செருப்பில்லாமல் நின்று, தங்கையின் நிலைமையைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பாட்டுக்காரி நீதானே?"

"ஆமாங்க."

"துரைசாணியம்மா குதிரைமேல போறப்ப கேட்டிருக்காங்க. நொம்பப் புடிச்சுப்போச்சாம். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பத்துப் பங்களாத் துரைமாருங்க வர்றாங்க. அன்னைக்கு வராந்தாவுல நீ பாடோணும். அதுவரைக்கும் அசையக் கூடாது. தெரியுதா?"

"ஏனுங்க, அதுக்குள்ள அவளுக்கு நாளாயிருமுங்க. போயிட்டு ரெண்டே நாள்ல வந்துர்றனுங்க."

"நீ இறங்கிப் போயித் தொண்டையக் கட்டிக்கிட்டு வந்தா துரைசாணிக்கு யாரு பதில் சொல்றது? பிரசவம் பாக்க ஊர்ல வேற பொம்பளைங்களே இல்லியா?"

மற்றவர்களுக்காவது பறிப்புக் காலம் என்ற ஒரே பூட்டுத்தான். எனக்கு அதற்கு மேல் இன்னொரு பூட்டு, நானே செய்து கொடுத்தது. தங்கையிடம் போகவேண்டும் என்று பாடின பாட்டே தங்கையிடம் போகவிடாமல் பிடித்துவைத்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

அதோடு விடவில்லை ரைட்டர். வராந்தாவில் பாடுவதற்கு முன்னால் என்ன பாடுகிறேன் என்று தெரிய வேண்டுமாம். ஆபீஸ் வாசலிலேயே நிற்கவைத்துப் பாடச் சொல்லி, அடி அடியாகத் திருத்தினார். குப்பனூர் எதற்கு, துரைக்குக் குப்பனூரா முக்கியம்?

பங்களா தெரியுதடி,
பளபளன்னு மின்னுதடி.

எட்டு மாசம் எதற்கு, அசிங்கமாக? மழையைப் போடு, துரை சந்தோஷப்படுவார். மனசு நிற்கவில்லை என்றால் துரைசாணி என்ன நினைப்பார்?

மழையும் நல்லாப் பேஞ்சுதடி,
மனசு இங்க நிக்குதடி.

மீசையை மட்டும் மேஸ்திரி பக்கத்தில் நின்று காப்பாற்றிக்கொண்டார். மழை அடி முத்தாய்ப்பாகக் கடைசியில் வர வேண்டும் என்றும் ரைட்டர் முடிவு செய்தார். பாடிப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், ரைட்டர் கைபட்ட பிறகு பாட்டு முன்னைவிட வழவழவென்று ஓடியது. ஓசை எங்கும் இடறவில்லை. எனக்கு ரைட்டரைக் கல்லெடுத்து அடிக்கலாம் போல இருந்தது, ஆனாலும் அது ஓடியது. "மனசு இங்க நிக்குதடி" என்று தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை பாடினேன். வாய் அதைச் சொல்லும், கண் பனிக்குள் குப்பனூரைத் தேடும்.

ஒரு நாள் தலைச்சோலைக்காரி பறிப்புக்கு வந்ததும் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். முந்தின நாள் அவள் வீட்டுக்காரர் ஆரஞ்சு மூட்டையோடு குப்பனூர் போயிருக்கிறார். என் தங்கைக்குக் காலும் முகமும் வீங்கிப்போய்க் கிடக்கிறதாம். நாள் முந்திவிடும் என்று மருத்துவச்சி சொல்கிறாளாம். "அக்கா எப்ப வருவா, அக்கா எப்ப வருவான்னு வாசலையே பாத்துட்டு இருக்குதாமா" என்றாள்.

"கேட்டுல விடமாட்டானே புள்ள."

"கேட்டு எதுக்குங்க? நம்ம நிரை முடியற சரிவுல எறங்குனா ஆட்டுத்தடம் ஒண்ணு இருக்குது. நான் காட்டறேன். வெயில் ஏறுறதுக்குள்ள குப்பனூரு போயிரலாம்."

"அது சரி. பாட்டு?"

காலையில் களத்தில் பேர் கூப்பிடும்போது மேஸ்திரி எங்களைக் கண்ணால் பார்ப்பார், சாயங்காலம் கூடை நிறுக்கும்போது கண்ணால் பார்ப்பார். நடுவில் எல்லாம் காதுதான். என் குரல் இல்லாத நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிடும். அந்தச் சுழிப்பு என்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அன்றைக்குப் பூராவும் யோசித்தேன். பாட்டு என் ஒருத்தியிடம் இருக்கிறவரைக்கும் எனக்கு இறக்கம் கிடையாது. அதைக் கழற்றி இன்னொருத்தி கழுத்தில் போட்டால்தான் நான் போக முடியும். மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் சுழிப்பை எடுத்தேன். "நிக்குதடி" என்று மொட்டையாக முடித்தேன். எனக்கு அது என் காதை நானே அறுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மேஸ்திரி பாறையிலிருந்து, "என்ன, தொண்டை கட்டிருச்சா?" என்று கேட்டார். "பனிங்க, சரியாப் போயிருமுங்க" என்று கத்தினேன்.

அடுத்தது பாட்டை இரண்டாகப் பிளந்தேன். ஒவ்வோர் அடியிலும் முதல் பாதியை நான் பாடுவேன், இரண்டாம் பாதியைத் தலைச்சோலைக்காரி பாடுவாள். அவள் குரல் கீச்சென்று இருக்கும். அதனால் மெட்டையே கொஞ்சம் மேலே தூக்கினேன், எனக்குத் தொண்டை வலிக்க வலிக்க. பிறகு மாற்றிக்கொண்டோம், முதல் பாதி அவளுக்கு, இரண்டாவது எனக்கு. நாலாம் நாள் முழு அடியும் அவள் பாட, நான் மற்றவர்களோடு சேர்ந்து வாங்கிப் பாடினேன். மேஸ்திரிக்கு வித்தியாசம் தெரியவில்லை. "இப்பத்தான் நல்லாப் பாடறீங்க" என்றுகூடச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நல்லா என்றால் எப்படி, நான் இல்லாமலா?

ஐந்தாம் நாள் காலையில் பனி கட்டி நின்றது. பேர் கூப்பிட்டாயிற்று. நிரையில் நுழைந்தோம். தலைச்சோலைக்காரி "பங்களா தெரியுதடி" என்று எடுத்தாள். நான் இடுப்புக் கோணியை அவிழ்த்துக் கிளையில் மாட்டினேன். போகிற வழியில் ஒவ்வொருத்தியும் பாடிக்கொண்டே ஒரு கைப்பிடிப் பழத்தை அதில் போட்டாள். சாயங்காலம் என் கூடை நிறைந்திருக்க வேண்டுமே! ஒருத்தியும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் பாட்டு நின்றுவிடும். நான் சரிவில் இறங்கினேன். ஆட்டுத்தடத்தில் வெகுதூரம்வரை பாட்டு கேட்டது. கேட்கிறவரைக்கும் பயமில்லை. ஒரு பாறை திரும்பினதும் கேட்கவில்லை. அங்கிருந்து ஓடினேன்.

தங்கை வீட்டு உள்ளறையில் படுத்திருந்தாள். முதல் நாளே வலி எடுத்துவிட்டதாம். முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு வீக்கம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வந்துட்டயா? சீட்டு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க கண்ணு."

"எத்தன நாளைக்கு?"

"நீ போன்னு சொல்ற வரைக்கும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மருத்துவச்சி என்னை வெளியே இருக்கச் சொன்னாள். "முடியாது" என்றேன். ஒரு தடவை வெளியே போய் விளையாடியது போதும். வலிக்கு நடுவே தங்கை, "நானுந்தான் தெனமும் மலையப் பாப்பேன். மேகந்தான் தெரியும். அங்க என்னதான் பண்ணுவ?" என்று கேட்டாள். பாடுவேன் என்றேன். பாடு என்றாள். பங்களாவும் மழையும் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவற்றைத் துப்பிவிட்டு, முதலில் வந்ததைப் பாடினேன், குப்பனூரு தெரியுதடி, கூப்பிட்டாக் கேக்கலடி. "நான் கூப்பிட்டது கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சு சாமி. கேட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சத்தமாக அழுதது. தங்கைக்கு ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி என்னென்னவோ செய்தாள். பொழுது சாய்வதற்குள் என் கைக்குள் இருந்த கை குளிர்ந்துவிட்டது. நான் பிடித்த பிடியை விடவில்லை. அவர்கள்தான் விரல் விரலாகப் பிரித்தார்கள்.

இரவோடு இரவாக எடுத்துவிட்டார்கள், மறுநாள் விடிகிறபோது அவள் அந்த வீட்டில் இல்லை. குழந்தையை அவள் மாமியார் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் பால் கொடுத்தாள். என்னைப் போகச் சொல்ல யாரும் இல்லை, ஆனால் போயாக வேண்டும். மேலே என் வீட்டுக்காரர் பிணையாக இருக்கிறார். கருமத்துக்குக்கூட இருக்க முடியாமல் அதே ஆட்டுத்தடத்தில் ஏறினேன். அழக்கூட மூச்சில்லை, ஏற்றம்.

மேலே என் வீட்டுக்காரர் பெரிய கூத்துப் பண்ணிவைத்திருந்தார். அவளுக்குக் காய்ச்சல், கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு லைனில் படுத்துவிட்டாள் என்று சாயங்காலம் சொல்ல வேண்டும், இதுதான் பேச்சு. பொய் சொல்ல வராத மனுஷன் மேஸ்திரி முன்னால் நின்று, வாயைத் திறந்து, ஓவென்று அழுதுவிட்டார். மேஸ்திரி பதறிப்போய், "அட, காய்ச்சலுக்குப் போயி எதுக்குடா அழுவற? பகலெல்லாம் பாடிட்டுத்தான இருந்தா, நானே கேட்டனே" என்று தேற்றிக் கொயினா மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார். ரைட்டரிடமும் நாள் முழுக்கப் பாடினாள் என்று அவரே சாட்சி சொல்லிவிட்டார். மாத்திரையை என்ன செய்வதென்று தெரியாமல் இவர் தானே விழுங்கிவிட்டுக் கசப்புத் தாங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே வந்து நின்றதும் என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை நிரைக்குப் போனேன். மேஸ்திரி எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார், காய்ச்சல்காரி தேறிவிட்டாளா என்று பார்க்கவாம். என் காலில் முள் கிழித்திருந்ததை ஒரு தடவை பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டு பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவரே சாட்சி சொல்லியாயிற்றே! சுற்றிலும் பதினைந்து பெண்கள். கீழே என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் கேட்க வேண்டும், மேஸ்திரி முன்னால் ஒருத்தியும் கேட்க முடியாது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பங்களா முடிந்தது, மீசை முடிந்தது. அடுத்தது மழை வர வேண்டும். தலைச்சோலைக்காரி மழையை எடுக்கவில்லை. அதே மெட்டில் புதிதாக ஒன்றை எடுத்தாள்:

காத்து வந்து சொன்னாச்சா,
கீழ சேதி என்னாச்சு?

எல்லோரும் அதை வாங்கிப் பாடினார்கள். பிறகு எனக்காக விட்டார்கள். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பாடினேன்:

பொட்டப்புள்ள பொறந்தாச்சு,

இரண்டு பாதி சேர்ந்தால்தான் ஓர் அடி. அடுத்த பாதி தாயைப் பற்றி வர வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். பதினைந்து பேரும் காத்திருந்தார்கள். கிளையைப் பிடித்த கை பிடித்தபடி நின்றது. எனக்கு வரவில்லை. வாயைத் திறந்தேன், வரவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அதற்குள் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மேஸ்திரி, "என்ன நின்னுச்சு?" என்று வாயெடுப்பதற்குள் தலைச்சோலைக்காரி தொண்டை கிழிய, "மழையும் நல்லாப் பேஞ்சுதடி" என்று எடுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து பேரும், "மனசு இங்க நிக்குதடி" என்று முடித்தார்கள்.

மேஸ்திரிக்குச் சந்தோஷம். "புதுசா ஒண்ணு கட்டியிருக்கீங்களா? புள்ள பொறந்தது நல்ல சேதி. துரைசாணிக்குப் புடிக்கும். அதையும் சேத்துக்கோங்க" என்றார். மறுநாள் அந்த இடம் வந்தபோது எல்லோரும் தாமாகவே நிறுத்தினார்கள், ஒரு மூச்சு நேரம். அதற்கடுத்த நாளும். மேஸ்திரிக்குப் பழகிவிட்டது, கத்தவில்லை. யாரும் அந்தப் பாதியை நிரப்பப் பார்க்கவில்லை. பாட்டு அப்படித்தான் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அதில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

பண்டிகையன்று எங்களைக் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி வரச் சொன்னார்கள். பங்களா வராந்தாவில் துரைமார்களும் துரைசாணிமார்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கீழே புல்லில் நின்றோம். ரைட்டர் ஒவ்வோர் அடிக்கும் பொருளை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். பங்களாவுக்குச் சிரித்தார்கள், மீசைக்குச் சிரித்தார்கள். பொட்டப்புள்ள பொறந்தாச்சு என்று பாடினேன். நிறுத்தினோம்.

பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் கை தட்டினார்கள். துரைசாணி எழுந்து நின்று தட்டினார். என் தங்கைக்காக விட்ட அந்த ஒரு மூச்சு நேரம் முழுக்கக் கைதட்டல் சத்தம்தான் இருந்தது. மேஸ்திரி பின்னாலிருந்து என் முதுகில் விரலால் குத்தி, "இன்னும் இருக்குதில்ல, பாடு, பாடு" என்றார். மனசு இங்க நிக்குதடி என்று பாடி முடித்தேன்.